பட்ஜெட் போடச் சொன்னீங்க, வக்கீலைப் பாக்கச் சொல்லலையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் அமெரிக்காவுல இருந்து எழுதறேன், பல வருஷமா உங்க பேப்பரை ஆன்லைன்ல படிக்கறவன். போன வாரம் இங்க இருக்கற நம்ம ஆளுங்க கிரெடிட் கார்டு கடன்ல மாட்டிக்கறதைப் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. பட்ஜெட் போடுங்க, தேவையில்லாத செலவைக் குறைங்க, சின்னக் கடனை முதல்ல அடைங்கன்னு எல்லாம் இருந்துச்சு, தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா மாச வருமானம் மொத்தமும் வட்டிக்கே போற நிலைமைக்கு வந்துட்ட ஒருத்தனுக்கு அதுல ஒரு வரி கூட இல்ல. பேங்க்ரப்சி வக்கீல்ங்கற வார்த்தையே அந்தக் கட்டுரையில வரல, கடனைக் கட்டவே முடியாதவங்களுக்காக கோர்ட்ல திவால் கேஸ் போட்டு கடனைத் தள்ளுபடி வாங்கித் தர்றவங்க அவங்க. அந்த வார்த்தையை யாராவது எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா நான் இழந்ததுல பாதியை இழந்திருக்க மாட்டேன், அதான் உக்காந்து எழுதறேன், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கங்க.

என் மனைவிக்கு திடீர்னு ஒரு ஆபரேஷன் பண்ண வேண்டி வந்துச்சு, இன்சூரன்ஸ் இருந்தும் பாதி பில் எங்க தலையில விழுந்துச்சு. அவங்க வேலைக்குப் போக முடியாம எட்டு மாசம் வீட்டுல இருந்தாங்க. வீட்டு வாடகையிலேர்ந்து எல்லாம் கார்டுல தேச்சு ஓட்டினோம். ஒரு கார்டோட மினிமத்தைக் கட்ட இன்னொரு கார்டு, அதைக் கட்ட ஒரு பர்சனல் லோன். கடைசியில கணக்குப் பாத்தப்போ ஆறு கார்டு, ஒரு லோன், ஆஸ்பத்திரி பாக்கி எல்லாம் சேத்து 68,000 டாலர். வர்ற கவரை எல்லாம் பிரிக்காமலே ஒரு டிராயர்ல போட்டு மூடி வச்சிருந்தேன், மனைவி அதைத் திறந்துடக் கூடாதுன்னு மேல துணி அடுக்கி வச்சேன். அதை இப்ப எழுதறப்பவும் நெஞ்சு அடைக்குது.

அப்பதான் போன்ல ஒரு கம்பெனி வந்துச்சு, உங்க கடனைப் பாதியா பேசி முடிச்சுத் தர்றோம்னு. அவங்க ஆபீஸ் எங்கயோ வேற மாநிலத்துல. பேப்பர்ல கையெழுத்து வாங்க ஒரு ஆளை வீட்டுக்கே அனுப்பினாங்க, அப்ப எனக்கு அது மரியாதையா தெரிஞ்சுது. அப்புறம்தான் புரிஞ்சுது, போன் மூலமா இந்த மாதிரி கடன் தீர்க்கற சேவை விக்கறவங்க கடனை முடிச்சுக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பைசா ஃபீஸ் வாங்கக் கூடாதுன்னு எஃப்டிசிங்கற நுகர்வோர் பாதுகாப்பு அரசு அமைப்பு 2010லயே விதி போட்டிருக்கு, நேர்ல பேசி கையெழுத்து வாங்கிட்டா அந்த விதியில இருந்து நழுவலாம்னுதான் அந்த ஆள் வந்தது. மாசம் 740 டாலர், பதினோரு மாசம் கட்டினேன். கடன்காரங்களுக்கு நீங்க எதுவும் கட்டாதீங்க, போன் எடுக்காதீங்க, நாங்க பாத்துக்கறோம்னாங்க. பதினோரு மாசத்துல ஒரு கடன் கூட முடியல, லேட் ஃபீஸும் வட்டியும் ஏறினதுதான் மிச்சம். ஒரு நாள் சாயங்காலம் கதவைத் தட்டி ஒருத்தர் சம்மன் குடுத்துட்டுப் போனார், ஒரு கார்டு கம்பெனி கேஸ் போட்டிருக்கு. அந்த கடன் தீர்க்கற கம்பெனிக்கு போன் பண்ணினா, "நாங்க வக்கீல் இல்லைங்க, கோர்ட் விஷயத்துல எங்களால ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லி வச்சுட்டாங்க.

இன்னொண்ணும் அவங்க சொல்லல. அப்படியே பேசி ஒரு கடனைக் குறைச்சாலும் குறைஞ்ச தொகை 600 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா கடன் குடுத்தவன் 1099-சி ஃபாரம் அனுப்புவான், அது வருமானம்னு கணக்காகி அதுக்கு வரி கட்டணும், சில விலக்கு இருக்கு ஆனா அதை நாமதான் கேட்டு வாங்கணும். பேங்க்ரப்சியில தள்ளுபடியான கடனுக்கு அந்த வரி கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தையாவது உங்க கட்டுரையில போட்டிருக்கலாம்.

சம்மன் கையில வந்த அன்னிக்கு ராத்திரி நெட்டுல தேடினேன். மேல வர்றது எல்லாம் விளம்பரம், அதுல ஒரு ஃபாரத்தை நிரப்பிட்டேன், மறுநாள் காலையிலேர்ந்து போன் நிக்கல, நம்பரை யார் யாருக்கோ குடுத்துட்டாங்க போல. ரெண்டு நாள் கழிச்சு கூட வேலை பாக்கற ஒருத்தர் என் முகத்தைப் பாத்துட்டு தனியா கூப்பிட்டு கேட்டார். அவரும் பத்து வருஷம் முன்னாடி இதே வழியில போனவராம், பக்கத்து சீட்டுல இருந்தும் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதைத்தான் இங்க சொல்றேன். நம்ம மாநில பார் அசோசியேஷன் சைட்டுக்குப் போ, அங்க வக்கீல் பேரைப் போட்டா லைசென்ஸ் இருக்கா, மேல ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது எடுத்திருக்காங்களான்னு காட்டும். நாக்பான்னு பேங்க்ரப்சி வக்கீல்களுக்குன்னே ஒரு சங்கம் இருக்கு, அவங்க சைட்டுல ஊர் பேரைப் போட்டுத் தேடலாம். பேங்க்ரப்சி கேஸ் எல்லாம் ஃபெடரல் கோர்ட்ல நடக்கறதால பேசர்ங்கற சிஸ்டத்துல யார் வேணா அக்கவுண்ட் போட்டு ஒரு வக்கீல் எத்தனை கேஸ் போட்டிருக்கார், எத்தனை கேஸ் கடன் தள்ளுபடி ஆகாம பாதியில விழுந்துச்சுன்னு பாக்க முடியும். கையில காசே இல்லாதவங்களுக்கு லீகல் எய்டு ஆபீஸ் இருக்கு, சில லா காலேஜ்ல சட்ட உதவி கிளினிக் இருக்கு, ரொம்ப சிக்கல் இல்லாத சேப்டர் 7 கேஸுக்கு (தவணை இல்லாம கடனை நேரா தள்ளுபடி பண்ற பேங்க்ரப்சி வகை அது) அப்சால்வ்னு ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு ஃப்ரீயாவே பேப்பர் தயார் பண்ண உதவுது.

மூணு பேரைப் பாத்தேன், மூணும் முதல் சந்திப்புக்குக் காசு கிடையாது. முதல் ஆபீஸ் பெருசா இருந்துச்சு, என்கிட்ட பேசினவர் வக்கீலே இல்லன்னு அரை மணி நேரம் கழிச்சுதான் தெரிஞ்சுது, இன்னிக்கே முன்பணம் கட்டினா நாளைக்கே போட்டுடலாம்னார், என் சம்பளம் எவ்வளவுன்னு கூட கேக்கல. ரெண்டாவது ஆள் விவாகரத்து, ஆக்சிடென்ட், நிலம் எல்லாம் பாக்கறவர், பேங்க்ரப்சியும் பண்றேன்னார், நல்ல மனுஷன், ஆனா நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பாத்துச் சொல்றேன்னார். மூணாவது ஒரு சின்ன ஆபீஸ், ஒரு அம்மா, இருபது வருஷமா இது மட்டும்தான் பண்றாங்க. டிராயர்ல இருந்த கவரை எல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போயிருந்தேன். அவங்க கவரைத் தொடறதுக்கு முன்னாடி கேட்ட முதல் கேள்வி, "போன ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது கடனைத் திருப்பிக் குடுத்தீங்களா?"

குடுத்திருந்தேன். அஞ்சு மாசம் முன்னாடி மச்சானுக்கு 4,500 டாலர். அவன்கிட்ட வாங்கினது, கூடப் பொறந்தவன் மாதிரி இருக்கறவன், பேங்கை விட அவனுக்கு முதல்ல குடுக்கணும்னு கடமையா நெனச்சுக் குடுத்தேன். சட்டம் அதை வேற மாதிரி பாக்குது. பேங்க்ரப்சி கேஸ் போடறதுக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள சொந்தக்காரங்களுக்குக் குடுத்த கடன் பணத்தை டிரஸ்டி, அதாவது நம்ம கேஸைப் பாத்துக்க நியமிக்கறவர், திருப்பிக் கேக்கலாம், என்கிட்ட இல்ல, மச்சான்கிட்ட, அவன் மேலயே கேஸ் போட்டு. மத்த கடன்காரங்களுக்குக் குடுத்தது 90 நாள்தான், சொந்தம்னா ஒரு வருஷம். முதல் ஆபீஸ்ல அன்னிக்கே கையெழுத்து போட்டிருந்தா என் மச்சான் வாசல்ல சம்மன் நின்னிருக்கும், ஏன்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது.

அடுத்த கேள்வி 401(கே)ங்கற ரிடையர்மென்ட் சேமிப்பு பத்தி. அதையும் உடைச்சிருந்தேன், 22,000 டாலர், வயசு வராததால பத்து சதவீதம் அபராதம், மேல வருமான வரி, மிச்சம் வந்ததை அப்படியே கார்டுக்குக் கட்டினேன். அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல. அந்தப் பணத்தை எந்தக் கார்டு கம்பெனியாலயும் தொட முடியாது, பேங்க்ரப்சியிலயும் டிரஸ்டியால தொட முடியாது, சட்டம் பாதுகாத்து வச்சிருந்த ஒரே பணத்தை நீங்களே எடுத்து, எப்படியும் தள்ளுபடி ஆகப் போற கடனுக்குக் குடுத்துட்டீங்கன்னாங்க. திட்டல, மெதுவாதான் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், டிராயரைத் திறந்து காட்டினேன், அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அழுதோம்.

இதனாலதான் சொல்றேன், கடன்ல மூழ்கற ஒருத்தர் கடைசியா போற இடமா வக்கீல் ஆபீஸ் இருக்கக் கூடாது. நாம என்ன பண்றோம், முதல்ல கார்டு, அப்புறம் சொந்தக்காரங்க, அப்புறம் ரிடையர்மென்ட் பணம், அப்புறம் எவனோ போன்ல சொன்ன திட்டம், எல்லாம் கரைஞ்ச பிறகு வக்கீல். முன்னாடியே போய் ஒரு மணி நேரம் உக்காந்தா கேஸ் போட வேண்டிய அவசியமே இல்லன்னு கூட அவர் சொல்லலாம், அதுவும் ஒரு பதில்தானே.

உள்ளூர் வக்கீல்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பேங்க்ரப்சி ஃபெடரல் சட்டம்தான், நாடு பூரா ஒண்ணுதான், ஆனா வீடு, கார், நகை, கையில இருக்கற காசு இதுல எவ்வளவை நீங்க வச்சுக்கலாங்கறது பெரும்பாலும் மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது, ஒரு மாநிலத்துல வீடு முழுசா தப்பிக்கும், இன்னொண்ணுல கொஞ்சம்தான் தப்பிக்கும். புதுசா மாநிலம் மாறி வந்திருந்தா இன்னும் சிக்கல், 730 நாள் ஒரே மாநிலத்துல இருந்தாத்தான் அந்த மாநிலத்து விலக்கு, அதாவது நாம வச்சுக்கலாம்னு சொல்ற சொத்து அளவு, கிடைக்கும், இல்லன்னா முன்னாடி இருந்த மாநிலத்தைப் பாப்பாங்க. நம்ம ஆளுங்க வேலைக்காக அடிக்கடி மாநிலம் மாறறவங்க, இது ரொம்ப பேருக்குப் பொருந்தும். அதோட அந்த ஊர் கோர்ட்ல எந்த டிரஸ்டி எதைத் துருவிக் கேப்பார்னு அங்கேயே நிக்கற வக்கீலுக்குத்தான் தெரியும். இந்த டிரஸ்டி மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கேப்பார், வெளிநாட்டுக்கு அனுப்பின பணத்தை ஒண்ணு ஒண்ணா கேப்பார், ரெடியா இருங்கன்னு அந்த அம்மா முன்கூட்டியே சொன்னாங்க, அப்படியே நடந்துச்சு.

ஊர்ல இருக்கற நிலத்தைப் பத்தி ஒரு வார்த்தை, இதை தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க. அப்பா பேர்ல இருந்த நிலம், அவர் போன பிறகு அண்ணன் தம்பிங்க பேருக்கு இன்னும் பிரிக்கல, அதுல எனக்கும் ஒரு பங்கு. இங்க இருக்கறவங்களுக்கு அது எப்படித் தெரியப் போகுதுன்னு நம்ம ஆளுங்க நெனக்கறாங்க, நானும் நெனச்சேன். உலகத்துல எங்க எந்தச் சொத்துல பங்கு இருந்தாலும், பிரிச்சிருந்தாலும் பிரிக்காட்டியும், பேப்பர்ல எழுதியே ஆகணும், சத்தியப் பிரமாணத்தோட கையெழுத்து போடறோம். தெரிஞ்சே மறைச்சா ஃபெடரல் குற்றம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். கேஸ் போடறதுக்கு முன்னாடி அவசரமா தம்பி பேருக்கு எழுதி வைக்கறதும் மாட்டும், ரெண்டு வருஷம் பின்னாடி வரை ஃபெடரல் சட்டத்துல பாப்பாங்க, மாநிலச் சட்டத்துல அதுக்கும் மேல போகலாம். என் பங்கை எழுதினேன், மதிப்பு போட்டேன், இருந்த விலக்குக்குள்ள அது அடங்கிடுச்சு, நிலம் நிலமா இருக்கு. எழுதாம விட்டிருந்தா ராத்திரி தூக்கம் போயிருக்கும்.

மச்சானுக்குக் குடுத்த பணத்தோட அந்த ஒரு வருஷக் கணக்கு முடியட்டும்னு ஏழு மாசம் காத்திருந்தோம். அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு பயந்தேன், ஆனா வக்கீல் அந்தச் சம்மனுக்கு முதல்ல பதில் போட்டாங்க, என் சம்மன்ல 20 நாள் கெடு, இடத்துக்கு இடம் மாறும், பதில் போடாம விட்டா கடன்காரன் பக்கம் தானா தீர்ப்பு ஆகி சம்பளத்துல கை வச்சிடுவாங்க, ஃபெடரல் சட்டப்படி வரி எல்லாம் பிடிச்சது போக மிஞ்சற சம்பளத்துல 25 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம். போன் தொல்லைக்கும் வழி இருந்துச்சு. 1977ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, கடன் வசூல் ஏஜென்சிக்காரங்க காலையில 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 9க்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது, நமக்கு வக்கீல் இருக்கார்னு பேரும் நம்பரும் சொல்லிட்டா அதுக்கப்புறம் அவர்கிட்டதான் பேசணும். நான் அந்த அம்மா பேரைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரத்துல போன் அடங்கிடுச்சு.

அந்த ஏழு மாசத்துலதான் அவங்க ஃபீஸ் 1,600 டாலரையும் நாலு தவணையா கட்டினேன். சேப்டர் 7ல வக்கீல்ங்க ஏன் முன்னாடியே முழுக் காசு கேக்கறாங்கன்னு கோவப்படறவங்க உண்டு. கேஸ் போட்ட அன்னிக்கு பாக்கி இருந்தா அதுவும் தள்ளுபடி ஆகற கடன்ல ஒண்ணாயிடும், அதனாலதான். சேப்டர் 13ங்கற இன்னொரு வகையில மூணுல இருந்து அஞ்சு வருஷம் கோர்ட் மூலமா தவணை கட்டறதால ஃபீஸோட ஒரு பகுதி அதுக்குள்ள போகும், வீட்டு லோன் பாக்கி விழுந்து வீடு போயிடுமோன்னு பயப்படறவங்களுக்கு பெரும்பாலும் அதுதான் வழி. எதுவா இருந்தாலும் வக்கீல் எவ்வளவு வாங்கினார்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கணும், அதனால ரசீது குடுக்கத் தயங்கறவர்கிட்ட போகாதீங்க. கோர்ட் ஃபீஸ் தனி, எனக்கு 338 டாலர் ஆச்சு, வருமானம் ரொம்பக் குறைவா இருந்தா தவணையிலயும் கட்டலாம், மன்னிக்கச் சொல்லியும் கேக்கலாம். பேப்பர் மட்டும் டைப் அடிச்சுத் தர்றோம்னு 200, 300க்கு செய்யறவங்க இருக்காங்க, சட்டப்படி அவங்க டைப் அடிக்க மட்டும்தான் முடியும், ஆலோசனை சொல்லவே கூடாது, மச்சான் விஷயத்தை அவங்க கேட்டிருக்கப் போறதில்ல.

எல்லாக் கடனும் போயிடும்னும் யாரும் நம்பிடாதீங்க. குழந்தைக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புப் பணம் போகாது, ஸ்டூடண்ட் லோன் பெரும்பாலும் போகாது, வரி பாக்கியில நிறைய போகாது, ஏமாத்தி வாங்கின கடன் போகாது. கேஸ் போடப் போறோமேன்னு முந்தின மாசம் கார்டைத் தேச்சு பெரிய டிவி வாங்கினா அதுவும் தலையில நிக்கும். கூட கையெழுத்து போட்டவங்க இருந்தா சேப்டர் 7ல நம்ம கடன் போகும், அவங்க மாட்டிப்பாங்க. நல்ல வக்கீல்னா இதையெல்லாம் நாம கேக்காமலே சொல்வார், சொல்லாம எல்லாம் க்ளியர் ஆயிடும்னு மட்டும் சொன்னா எழுந்து வந்துடுங்க.

விசா பத்தி நிறைய பேர் பயப்படறாங்க. பேங்க்ரப்சி போட சிட்டிசனா இருக்கணும்னு சட்டத்துல இல்ல, இங்க குடியிருந்தா இல்ல சொத்தோ தொழிலோ இருந்தா போதும், நான் கிரீன் கார்டுலதான் இருக்கேன். உங்க கேஸுல வேற சிக்கல் இருந்தா இமிகிரேஷன் வக்கீல்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. வேலை போயிடுமோன்னும் பயம் இருக்கும், பேங்க்ரப்சி போட்டதுக்காகவே ஒருத்தரை வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. கிரெடிட் ரிப்போர்ட்ல சேப்டர் 7 பத்து வருஷம் இருக்கும், அதை மறைக்க நான் விரும்பல, ஆனா மாசா மாசம் கட்டாம விட்டு என் ரிப்போர்ட் ஏற்கெனவே கெட்டுத்தான் கிடந்துச்சு.

மஞ்ச நோட்டீஸ் குடுத்தவன்னு நம்ம பேச்சுல ஒருத்தரைச் சொன்னா அதுக்கப்புறம் அவர் வீட்டுல யாரும் பொண்ணு எடுக்க மாட்டாங்கங்கற அளவுக்கு ஒரு அவமானம் அந்த வார்த்தையில ஒட்டிக்கிட்டு இருக்கு. என்னை ரெண்டு வருஷம் வக்கீல் ஆபீஸ் பக்கம் போக விடாம வச்சது அந்த ஒரு வார்த்தைதான். இந்த நாட்டோட அரசியல் சட்டத்துலயே, அந்தக் காலத்துலயே, திவால் சட்டம் போடற அதிகாரத்தை காங்கிரஸுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. நேர்மையா உழைச்சு, உடம்பு சரியில்லாம போய், கணக்குத் தவறி விழுந்தவனுக்கு எழுந்திருக்க ஒரு வழி வேணும்னுதான் அதை வச்சிருக்காங்க. அதுல நடந்து வர்றதுக்கு நான் ஏன் தலையைக் குனியணும்னு இப்ப கேக்கறேன், அப்ப கேக்கத் தெரியல.

கேஸ் போட்ட நிமிஷமே எல்லா வசூலும் நின்னுச்சு, அந்தக் கார்டு கேஸும் நின்னுச்சு. போடறதுக்கு முன்னாடி ஒரு கிரெடிட் கவுன்சிலிங் வகுப்பு, 180 நாளுக்குள்ள முடிச்சிருக்கணும், அப்புறம் இன்னொரு வகுப்பு, ரெண்டும் ஆன்லைன்ல முடிச்சேன். ஒரு மாசம் கழிச்சு டிரஸ்டியோட மீட்டிங், வீடியோவுலதான், ஜட்ஜ் கிடையாது, கடன்காரங்க ஒருத்தர் கூட வரல. ஒன்பது நிமிஷம். ஐடி காட்டச் சொன்னார், ஊர் நிலத்தைக் கேட்டார், அனுப்பின பணத்தைக் கேட்டார், மச்சானுக்குக் குடுத்ததைக் கேட்டார், தேதியைச் சொன்னேன், சரின்னுட்டார். நாலு மாசத்துல தள்ளுபடி உத்தரவு தபால்ல வந்துச்சு, அந்தக் கவரை மட்டும் என் மனைவி பிரிச்சாங்க.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். ஒண்ணு, இந்த நாட்டுல பேங்க்ரப்சி பாக்கற வக்கீல் ஒருத்தரை வச்சு தமிழ்ல ஒரு கேள்வி பதில் பகுதி போடுங்க, வாசகர்கள் பேர் போடாம கேள்வி அனுப்பட்டும், என் கேள்வியே பத்து இருக்கு. ரெண்டாவது, என் மீட்டிங்குக்கு முன்னாடி வீடியோவுல காத்திருந்தப்போ எனக்கு முந்தி ஒரு வயசானவர் இங்கிலீஷ் தடுமாறினார், உடனே போன்ல மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டாங்க, அதுக்கு அவர் காசு கட்ட வேண்டியதில்லையாம், வேணும்னு வக்கீல்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டா போதுமாம். பிள்ளைங்ககிட்டயும் சொல்ல முடியாம, இங்கிலீஷ்லயும் சொல்ல முடியாம தவிக்கற பெரியவங்க நம்மள்லயும் இருக்காங்க, அவங்க கண்ணுல படற மாதிரி பெரிய எழுத்துல இதைப் போடுங்க.

இப்படிக்கு,
பேரைப் போட வேண்டாம்னு கேட்டுக்கற ஒரு வாசகன்